மொழிபெயர்ப்புக் கருவி தவறும் இடத்தில் ஒரு கலைப்படைப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மொழிபெயர்ப்புத் தொழில்நுட்பம் தவறும் இடங்களை மையமாக வைத்து ஓர் ஊடாட்டக் கலைப்படைப்பை முதன்முறையாக உருவாக்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பார்வையாளர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்கிறார் அல்லது பேசுகிறார். இயந்திரம் அதை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்கிறது. அந்தப் பயணத்தில் எது தொலைந்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது என்பதை அவரே தம் கண்ணால் காண்கிறார். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ அடிப்படைப் பழக்கம் இருந்தால் போதும். ஒரு மடிக்கணினி, ஒரு திரை, ஒரு மைக் ஆகியவற்றைக் கொண்டே முதல் படைப்பைச் செய்து முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்துறைக்குள் வருவோரில் பலர், இயந்திரம் தரும் வேடிக்கையான வாக்கியங்களைத் திரட்டிக் காட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பார்வையாளர் ஒருமுறை சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்கு மேல் அந்தப் படைப்பில் அவருக்கு வேலை இருக்காது. ஒரு பிழை ஏன் நிகழ்கிறது என்பதை அறிந்து, அந்தக் காரணத்தையே படைப்பின் அமைப்பாக மாற்றினால்தான் அவர் நின்று, இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவது வாக்கியத்தையும் கொடுத்துப் பார்ப்பார். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரே கருத்தின்மீது நிற்கின்றன.

முதற்படி: ஒரே ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள்

இயந்திர மொழிபெயர்ப்பின் பிழைகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எதிர்மறைச் சொல் விடுபட்டு வாக்கியம் தலைகீழாகலாம். மலர், நிலா போன்ற ஆட்பெயர்கள் பூவாகவும் சந்திரனாகவும் மாறலாம். பால் சுட்டாத ‘அவர்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது, மருத்துவர் என்றால் ஆணாகவும் செவிலியர் என்றால் பெண்ணாகவும் ஆக்கப்படலாம். துருக்கிய மொழியிலும் இதே சிக்கல் பரவலாகப் பேசப்பட்ட பிறகு, 2018இன் இறுதியில் கூகுள் சில மொழிகளுக்கு ஆண்பால், பெண்பால் என இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது. உள்ளீட்டில் பொருளே இல்லாதபோது இயந்திரம் தானாக ஒன்றைப் புனைவதும் உண்டு: அதே 2018இல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து, அது மாவோரி மொழி என்று சொல்லி ஆங்கிலமாக்கக் கேட்டவர்களுக்கு, இறுதித் தீர்ப்பு பற்றிய தீர்க்கதரிசனம் போன்ற வாக்கியங்கள் கிடைத்தன. இணையத்தில் எழுத்துத் தரவு குறைவாக உள்ள மொழிகளுக்கு விவிலிய மொழிபெயர்ப்புகள், இயந்திரம் கற்றுக்கொள்ளும் பயிற்சித் தரவில் பெரிய இடத்தைப் பிடிப்பதே இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைச் சேர்த்தால் பார்வையாளருக்கு எது எதனால் நிகழ்ந்தது என்பது குழம்பிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், தமிழ் அறிந்த எவருக்கும் உடனே உறைக்கக்கூடிய ஒன்று: ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு.

‘நாம் நாளை போகலாம்’ என்றால் கேட்பவரும் உடன் வருகிறார்; ‘நாங்கள் நாளை போகலாம்’ என்றால் அவர் வெளியே நிற்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ என்ற ஒரே சொல்தான் உண்டு. தமிழ் வாக்கியம் ஆங்கிலம் வழியாகச் சென்று மீண்டும் தமிழுக்குத் திரும்பும்போது, கேட்பவர் உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்ற செய்தி இயந்திரத்தின் கையில் இருப்பதில்லை. தான் பயின்ற தரவில் எது மிகுதியாக வந்ததோ அதன்படி அது ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. ஆங்கிலம் வழியாகத் தெலுங்குக்குப் போகும்போது இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். தெலுங்கில் ‘மனம்’, ‘மேமு’ என்று அதே வேறுபாடு அப்படியே இருக்கிறது. மலையாளத்திலும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என இருக்கிறது. இரு கரையிலும் இருக்கும் ஒன்று, நடுவில் ஆங்கிலத்தை வைத்ததால் மட்டும் அழிகிறது. இதைவிடத் தெளிவான ஒரு கருப்பொருள் முதல் படைப்புக்குக் கிடைப்பது அரிது.

இரண்டாம் படி: பிழையின் வரலாற்றையும் காரணத்தையும் படியுங்கள்

1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்கள், 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டுமே கொண்ட ஒரு கணினி நிரலால் ஆங்கிலமாக்கப்பட்டன. சில ஆண்டுகளில் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது பரவியது. இத்துறையின் முன்னேற்றத்தை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆல்பாக் குழு 1966இல் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கையைக் கலைத்தது. ஆராய்ச்சிக்கான அரசு நிதி பெருமளவு சுருங்கியது. பின்னர் விதிகளை விட்டுவிட்டு, இருமொழி ஆவணங்களிலிருந்து நிகழ்தகவைக் கணக்கிடும் புள்ளியியல் முறை வந்தது. 2006இல் தொடங்கிய கூகுள் டிரான்ஸ்லேட் அந்த முறையைத்தான் பயன்படுத்தியது. தமிழ் அதில் 2011இல் சேர்ந்தது. 2016இன் இறுதியில், வாக்கியத்தைத் துண்டுகளாக அல்லாமல் முழுதாகப் பார்த்து மொழிபெயர்க்கக் கற்கும் நரம்புவலை முறைக்கு அது மாறத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் கலைஞருக்கு மிக முக்கியமானது ஒன்று உண்டு. பழைய முறைகள் பிழை செய்தபோது அது வெளிப்படையாகத் தெரிந்தது: சொற்கள் வரிசை மாறிக் கிடக்கும், வேற்றுமை உருபு அறுந்து தொங்கும், படிப்பவர் உடனே எச்சரிக்கை அடைவார். நரம்புவலை முறையின் பிழையோ நல்ல இலக்கணத்தோடு, தடங்கலற்ற நடையில் வருகிறது. மூல மொழி தெரியாதவர் அதைப் பிழை என்று ஐயுறக் காரணமே இருப்பதில்லை. ஆகவே சிதைந்த எழுத்துகளையும் உடைந்த சொற்களையும் திரையில் பறக்கவிடும் பழைய பாணி இன்றைய இயந்திரத்தின் குறையைக் காட்டாது. கண்ணுக்குத் தெரியாமல் கடந்துபோகும் பிழையை எப்படித் தெரியவைப்பது என்பதுதான் இப்போது தீர்க்க வேண்டிய வடிவமைப்புச் சிக்கல்.

மூன்றாம் படி: பார்வையாளர் என்ன செய்வார் என்பதை முடிவு செய்யுங்கள்

ஒரு மொழி மட்டும் அறிந்த பார்வையாளரால் மொழிபெயர்ப்புப் பிழையைக் காண முடியாது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் அமைப்பு தானாகவே இரண்டு வடிவங்களுக்குள் வந்துவிடும்.

முதலாவது, சுற்றுப்பயண வடிவம். வாக்கியம் தமிழிலிருந்து புறப்பட்டு வேறொரு மொழிக்குப் போய்த் தமிழுக்கே திரும்புகிறது; புறப்பட்டதையும் திரும்பியதையும் பார்வையாளர் ஒப்பிடுகிறார். 2009இல் இணையத்தில் வந்த ‘டிரான்ஸ்லேஷன் பார்ட்டி’ என்னும் தளம், ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்துக்கும் ஜப்பானிய மொழிக்கும் இடையே அது மாறாமல் நிலைபெறும்வரை அலையவிட்டது. எளிமையான அமைப்பு, ஆனால் பல சுற்றுகள் அடுத்தடுத்து ஓடுவதால் எது எங்கே தொலைந்தது என்பதைக் கவனிப்பது கடினம். எனவே புதிதாகச் செய்பவர்கள் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்தி, அந்தச் சுற்றின் ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாகக் காட்டுவது நல்லது.

இரண்டாவது, இருவர் அமரும் வடிவம். வெவ்வேறு மொழி பேசும் இருவர் எதிரெதிரே அமர்ந்து இயந்திரத்தின் வழியாக உரையாடுகிறார்கள். உரையாடல் முடிந்ததும், ஒருவர் சொன்னதும் மற்றவர் பெற்றதும் இருவருக்கும் அருகருகே காட்டப்படுகின்றன. இது வலிமையான வடிவம், ஆனால் இரு மொழியும் அறிந்த ஒருவர் எப்போதும் உடனிருந்து விளக்க வேண்டியிருக்கும். ஆளில்லாமல் இயங்க வேண்டிய காட்சிக்கு முதல் வடிவமே பொருந்தும்.

எந்த வடிவமானாலும், வாக்கியம் பார்வையாளருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் தயாரித்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தொடச் சொன்னால் அவருக்கு அதில் இழக்க எதுவும் இல்லை. அதே சமயம் வெற்றுப் பெட்டியைக் காட்டினால் பலரும் தயங்கி நிற்பார்கள். ‘நீங்களும் இன்னொருவரும் சேர்ந்து செய்ய நினைக்கும் ஒரு காரியத்தை அவரிடமே சொல்வதுபோல் எழுதுங்கள்’ என்று கேளுங்கள். ‘நாம்’ என்ற சொல்லை நீங்கள் குறிப்பிடாமலேயே பெரும்பாலான வாக்கியங்களில் அது வந்துவிடும்.

நான்காம் படி: மாடலைத் தேர்ந்து, அதை உறையவையுங்கள்

இணையத்தில் உள்ள பெரிய நிறுவனங்களின் மொழிபெயர்ப்புச் சேவையை ஏபிஐ வழியாக, அதாவது நிரலிலிருந்தே இணையம் மூலம் கேட்டுப் பெறும் வழியாக, அழைப்பது எளிது. ஆனால் அந்தச் சேவைகள் முன்னறிவிப்பின்றி மாறிக்கொண்டே இருப்பவை. இன்று உங்கள் படைப்பு நிற்கும் பிழை அடுத்த மாதம் திருத்தப்பட்டுவிடலாம், அல்லது வேறு வடிவம் எடுக்கலாம். ஆகவே உங்கள் கணினியிலேயே இயங்கும் திறந்த மாடல் ஒன்றை (மொழிபெயர்க்கப் பயிற்றுவிக்கப்பட்டு, எவரும் பெறும்படி வெளியிடப்பட்ட நிரலை) தரவிறக்கி, அதே பதிப்பைக் கண்காட்சி முடியும்வரை பயன்படுத்துங்கள். மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட என்எல்எல்பி மாடல் 200 மொழிகளைக் கையாள்கிறது. அதன் சிறிய வடிவம் 60 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்கள்) கொண்டது, சாதாரண மடிக்கணினியிலும் சில நொடிகளில் விடை தரும். வணிகம் சாராத பயன்பாட்டுக்கே அதற்கு உரிமம் உண்டு என்பதைக் கவனியுங்கள். இந்திய மொழிகளுக்கு 2023இல் வெளியான இண்டிக்டிரான்ஸ்2 சிறந்த தேர்வு. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு அதை உருவாக்கியது, இந்திய அரசியலமைப்பின் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் அது பயன்படும்.

என்எல்எல்பி தமிழிலிருந்து தெலுங்குக்கு நேரடியாகவும் செல்லும். இதனால் ஓர் அரிய வாய்ப்பு கிடைக்கிறது: அதே வாக்கியத்தை நேரடிப் பாதையிலும் ஆங்கிலம் வழியான பாதையிலும் அனுப்பி இரண்டையும் அருகருகே காட்டலாம். நேரடிப் பாதை எப்போதும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பயிற்சித் தரவின் பெரும்பகுதி ஆங்கிலத்தோடு இணைக்கப்பட்டதாக இருப்பதால், ஆங்கிலம் வெளியே தெரியாவிட்டாலும் அதன் சாயல் விடையில் தங்கக்கூடும். அதுவும் காட்டத் தகுந்ததே.

நிரல் எழுதும்போது மூன்று விஷயங்களில் எச்சரிக்கை தேவை. மூலமொழி, இலக்குமொழி ஆகிய இரண்டின் குறியீடுகளையும் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகக் கொடுங்கள். விட்டுவிட்டால் விடை வேறு மொழியில் வரும், அது நீங்கள் காட்ட விரும்பும் பிழை அன்று, உங்கள் நிரலின் பிழை. அடுத்து, ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் அனுப்புங்கள். முழுப் பத்தியைக் கொடுத்தால் இடையில் உள்ள வாக்கியங்கள் சில நேரம் காணாமல் போகும். மூன்றாவதாக, விடையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரே வாக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தந்தால்தான் பார்வையாளர் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்துக் காரணத்தை ஊகிக்க முடியும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் வருகிறது. மாடல் ஒரு விடையைத் தரும் முன் பல மாற்று வாக்கியங்களை மதிப்பெண்ணோடு பரிசீலிக்கும்படி அமைக்கலாம். கேட்டால் அவற்றில் முதல் நான்கையோ ஐந்தையோ நமக்குத் தரும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பும் கட்டத்தில் அவற்றை எல்லாம் திரையில் காட்டுங்கள். பார்வையாளர் எழுதிய ‘நாம்’ இரண்டாம் இடத்திலோ மூன்றாம் இடத்திலோ நிற்பதும், மேலே ‘நாங்கள்’ ஏறியிருப்பதும் தெரியவரும். சில வாக்கியங்களில் ‘நாம்’ முதலிடத்திலேயே இருக்கும். அப்போதும் அடுத்த வரியில் ‘நாங்கள்’ மிக நெருங்கிய மதிப்பெண்ணோடு காத்திருக்கக்கூடும். சரியான விடைகூட எவ்வளவு சிறிய இடைவெளியில் தப்பி வந்தது என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: சோதனை வாக்கியங்களைத் திரட்டுங்கள்

வடிவமைப்பைத் தொடும் முன், குறைந்தது ஐம்பது வாக்கியங்களை மாடலுக்குக் கொடுத்து, உள்ளீடு, நடுவில் வந்த ஆங்கிலம், வெளியீடு ஆகிய மூன்றையும் ஓர் அட்டவணையில் பதிந்துகொள்ளுங்கள். பேச்சுத் தமிழ் வாக்கியங்களும் அதில் இருக்கட்டும், ஏனெனில் ‘வந்துவிட்டேன்’ என்பதைச் சரியாக மொழிபெயர்க்கும் மாடல் ‘வந்துட்டேன்’ என்பதில் தடுமாறலாம், பார்வையாளர்களோ பெரும்பாலும் பேசுவதுபோலவே எழுதுவார்கள். நீங்கள் தேர்ந்த பிழை பத்தில் ஒரு வாக்கியத்தில்கூட வரவில்லை என்றால் மாடலையோ மொழி இணையையோ மாற்ற வேண்டும். பிழையை நீங்களே எழுதி நிரலில் புகுத்துவது மட்டும் கூடாது. இயந்திரம் செய்யாத தவறை அது செய்ததாகக் காட்டும் படைப்பின்மீது, உண்மை தெரிந்த பின் யாரும் நம்பிக்கை வைக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: திரையில் தமிழைச் சரியாகக் காட்டுங்கள்

இயந்திரத்தின் தவறைப் பேசும் படைப்பில் எழுத்துகளே உடைந்து தெரிந்தால், எது கலை, எது கவனக்குறைவு என்று பார்வையாளருக்குப் புரியாது. உலாவியில் இயங்கும் நிரலில் தமிழ் எழுத்துகள் பொதுவாகச் சரியாகவே வரும். விளையாட்டுகள் உருவாக்கப் பயன்படும் சில மென்பொருள்களில் ‘கெ’ என்பதன் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் படைப்புக்கு உலாவியே பாதுகாப்பானது.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவைச் செய்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ‘வணக்கம்’ என்ற சொல்லில் நமக்கு எழுத்துகள் ஐந்து. கணினி எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறையின் கணக்கில் குறியீடுகள் ஏழு, ஏனெனில் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள். நிரல் குறியீடு குறியீடாக வெளியிட்டால், திரையில் முதலில் ‘க’ தோன்றி, பிறகு அதன் தலையில் புள்ளி முளைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கவென்றே ‘இன்டில் செக்மென்டர்’ என்ற வசதி உள்ளது. அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

மாறிய சொல்லைச் சிவப்பில் அடிக்கோடிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடிக்கோடு வந்தவுடன் பார்வையாளர் தேடுவதை நிறுத்திவிடுகிறார். புறப்பட்ட வாக்கியத்தையும் திரும்பிய வாக்கியத்தையும் ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள்; அவராகவே கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள்; அதன் பிறகு மாற்று வாக்கியங்களின் பட்டியலைத் திறங்கள். மாடல் கணக்கிடும் சில நொடிகளைச் சுழலும் வட்டத்தால் நிரப்பாமல், நடுவில் உள்ள ஆங்கில வாக்கியத்தை அப்போது காட்டுங்கள். இழப்பு நிகழ்ந்த இடம் அதுதான்.

ஏழாம் படி: குரலைச் சேர்ப்பதானால்

முதல் படைப்பில் குரலைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் பேச்சை எழுத்தாக்கும் கட்டத்தில் நிகழும் பிழையும் மொழிபெயர்ப்பின் பிழையும் கலந்துவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், இயந்திரம் கேட்டதாகக் கருதும் வாக்கியத்தை முதலில் காட்டி, பார்வையாளரின் ஒப்புதல் பெற்ற பிறகு மொழிபெயர்க்கச் செய்யுங்கள். ஓபன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் மாடலை இணையம் இல்லாமல் இயக்கலாம். ஆனால் எவரும் பேசாத அமைதியிலும் அது சில நேரம் வாக்கியங்களைப் புனைந்து எழுதும். எனவே பொத்தானை அழுத்தியிருக்கும்போது மட்டும் மைக் இயங்கும்படி அமையுங்கள். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போகாமலிருக்க ஹெட்போன் போதும்.

பேச்சுணர்தலையே கருப்பொருளாகக் கொள்ள விரும்புவோர் 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைத் தேடிப் படிக்க வேண்டும். ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்த அந்த ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சராசரிச் சொற்பிழை 19 விழுக்காடாகவும் கறுப்பினத்தவர் பேச்சில் 35 விழுக்காடாகவும் இருந்தது. யாருடைய குரல் தவறாகக் கேட்கப்படுகிறது என்பது தனியாக ஒரு படைப்புக்குரிய பொருள்.

எட்டாம் படி: பார்வையாளரைக் காத்தல்

மக்கள் திரைமுன் எழுதும் வாக்கியங்கள் அவர்களுடைய சொந்த வாழ்க்கையிலிருந்து வருபவை. அவற்றைச் சேமிக்காமல் இருப்பதே முதல் தேர்வாக இருக்கட்டும். ஒரு நிமிடம் எவரும் தொடாவிட்டால் திரை தானே வெறுமையாகிவிட வேண்டும். சேமிப்பது படைப்புக்கு இன்றியமையாதது என்றால், எழுதத் தொடங்கும் முன்பே அதைத் தெரிவித்து அனுமதி கேளுங்கள். உலாவிக்குள் இருக்கும் பேச்சுணரும் வசதி சில உலாவிகளில் குரலை வெளிச் சர்வருக்கு அனுப்புகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிழையால் யாருக்கு இழப்பு என்ற கேள்வியும் படைப்புக்குள் இருக்க வேண்டும். 2017 அக்டோபரில் பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் புல்டோசர் அருகே நிற்கும் தம் படத்தை ஃபேஸ்புக்கில் இட்டு, அரபு மொழியில் காலை வணக்கம் எழுதினார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் ‘அவர்களைத் தாக்குங்கள்’ என்று காட்டியது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்து, தவறு தெரிந்தபின் சில மணி நேரத்தில் விடுவித்தது. அரபு அறிந்த ஒருவர் அந்தப் பதிவைப் படித்திருந்தால் அது நடந்திராது. இத்தகைய நிகழ்வை விளக்கப் பலகையில் ஓரிரு வரிகளில் குறிப்பிட்டால், பார்வையாளர் தம் வாக்கியத்துக்கு நேர்ந்ததை வேறு கண்ணோடு பார்ப்பார். தரவு குறைந்த மொழிகளைப் பேசுவோரின் சொற்களை வேடிக்கைப் பொருளாக்கும் எந்த அமைப்பையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: காட்சிக்கு வைத்தலும் பாதுகாத்தலும்

காட்சிக்கு முன் ஐந்தாறு பேரை அழைத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் பயன்படுத்தச் செய்து, அருகில் நின்று கவனியுங்கள். எங்கே தயங்குகிறார்கள், திரும்பி வந்த வாக்கியத்தில் எதை முதலில் பார்க்கிறார்கள், இரண்டாம் வாக்கியத்தை எழுதுகிறார்களா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தட்டச்சு அறியாதவர்களுக்காகத் திரையிலேயே ஒரு விசைப்பலகை தேவைப்படும். அதை இந்தக் கட்டத்தில் சேர்த்தால் போதும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு முழு நாள் இயக்கிப் பாருங்கள்.

இறுதியாக, மாடல் கோப்பு, அதன் பதிப்பு எண், பயன்படுத்திய நிரல் நூலகங்களின் பதிப்பு எண்கள், எழுத்துரு, ஐம்பது சோதனை வாக்கியங்களின் அட்டவணை ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வைத்து இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். படைப்பு இயங்குவதைத் திரைப்பதிவாகவும் எடுத்து அதனுடன் சேர்த்துவிடுங்கள். பின்னொரு நாளில் வேறு கணினியில் இதை மீண்டும் நிறுவுபவர், அதே ஐம்பது வாக்கியங்களைக் கொடுத்து அதே விடைகள் வருகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.